பறக்க வைக்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம். பொங்கல் விடுமுறையில் நாங்கள் மூன்று குடும்பம் சேர்ந்து வேன் பிடித்துப் புன்னைக்காயல் பக்கம் போயிருந்தோம். தாமிரபரணி கடலில் கலக்கிற இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. சேற்றுத் திட்டில் நூற்றுக்கணக்கான சின்னப் பறவைகள் மேய்ந்துகொண்டிருந்தன. என் ஒன்பது வயது மகன் கை தட்டிக்கொண்டு ஓடினான். கூட்டம் மொத்தமும் எழும்பி, ஒரு பக்கம் திரும்பும்போது வெள்ளையாகவும் மறுபக்கம் திரும்பும்போது சாம்பலாகவும் மின்னி, ஒரு சுற்று சுற்றி இறங்கியது. கணவரின் நண்பர் வீடியோ எடுத்தார். வெயில் எதிரே இருந்ததால் சரியாக வரவில்லை என்று மறுபடியும் மறுபடியும் ஓடவிட்டு எடுத்தோம். அப்புறம் அவை அக்கரைக்குப் போய்விட்டன. முகநூலில் போட்டதும் எல்லோரும் பாராட்டினார்கள். இணைப்பு அனுப்பியிருக்கிறேன்.

திரும்பும்போது எருக்கஞ்செடிகளில் ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சிகள் இருந்தன. மகள் ஆசைப்பட்டாள் என்று ஒன்றைப் பிடித்துத் தண்ணீர் பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்தோம். காலையில் செத்துக் கிடந்தது. நாள் முழுக்க அழுதாள்.

அந்தப் பறவைகள் எல்லாம் எனக்கு ஒரே மாதிரி தெரிகின்றன. எப்படி அடையாளம் காண்பது? என்ன பைனாகுலர் வாங்கலாம்? பெயர்களைப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லித்தர வேண்டுமா, ஆங்கிலத்திலா? நம் பக்கம் பார்க்க அவ்வளவாக ஒன்றும் இல்லை, கோடியக்கரைக்குத்தான் போக வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதங்களுக்கு நான் உடனே பதில் எழுதுகிறவன் இல்லை. உங்களுடையதைப் படித்த ராத்திரியே உட்கார்ந்துவிட்டேன். காரணம் அந்த வீடியோ. கொஞ்ச காலமாக இதுவேதான் என் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. குளத்துக்குப் போனாலும் கழிமுகத்துக்குப் போனாலும் பறவை எழும்பினால்தான் படம் என்று ஆகிவிட்டது. ஒருவர் கேமராவோடு தயாராக நிற்கிறார், இன்னொருவர் கல்லெறிகிறார். கல்லெறிகிறவர் பெரும்பாலும் நன்றாகப் படித்தவர், பறவைகள் மேல் பிரியம் உள்ளவர், வீட்டு மொட்டைமாடியில் காக்கைக்குத் தண்ணீர் வைக்கிறவர். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சில்லறைக் கேள்விகளை முதலில் தீர்த்துவிடுகிறேன். பைனாகுலரில் 8×42 என்று போட்டிருக்கும், எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது, அது போதும். பத்து மடங்கு வேண்டாம். கடற்கரைக் காற்றில் கை ஆடும், பையனுக்கு ஒன்றும் தெரியாது. எந்தக் கம்பெனி என்று என்னைக் கேட்காதீர்கள். பெயர்கள் எந்த மொழியில் என்பதைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். கோடியக்கரை நல்ல இடம்தான். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாகப் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் போட்டு விடுகிற இடம். போய் வாருங்கள். ஆனால் தாமிரபரணியின் கழிமுகத்தை வைத்துக்கொண்டு "நம் பக்கம் ஒன்றும் இல்லை" என்று உங்களிடம் சொன்னவர் யாரோ, அவரிடம் இனி பறவை விஷயம் எதையும் கேட்காதீர்கள்.

இனி வீடியோ.

எழும்பின கூட்டத்தில் பெரும்பாலும் இருப்பவை கொசு உள்ளான்களும் உப்புக்கொத்திகளும். விரிந்த சிறகில் வெள்ளைக் கோடு ஓடுவது உங்கள் வீடியோவிலேயே தெரிகிறது. கொசு உள்ளானின் எடை சுமார் 25 கிராம். ஐந்து ரூபாய் நாணயங்கள் நான்கை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அவ்வளவுதான். அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது ஆர்க்டிக்கில், நார்வேயின் வடமுனையிலிருந்து சைபீரியா வரை மரமே முளைக்காத உறைநிலத்தில். கூட இருந்த உப்புக்கொத்திகள் திபெத், மத்திய ஆசிய மேட்டுநிலங்களைச் சேர்ந்தவை. ஆகஸ்டிலேயே முதல் வரவுகள் நம் கரையில் இறங்கிவிடும். ஏப்ரல், மே மாதத்தில் பெரும்பாலானவை திரும்பிவிடும். நடுவில் இருக்கிற அந்த மாதங்களில் இங்கே அவற்றுக்கு இருக்கிற வேலை இரண்டுதான். தின்பது, ஓய்வெடுப்பது.

ஏன் அப்படித் தின்ன வேண்டும்? போகிற வழிக்குக் கட்டுச்சோறு கிடையாது, உடம்பில் கொழுப்பாகத்தான் கொண்டுபோக வேண்டும். புறப்படுவதற்கு முந்தைய வாரங்களில் கரைப்பறவைகள் பலவும் தங்கள் எடையைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கிக்கொள்கின்றன. 2022இல் பட்டைவால் மூக்கன் என்கிற கரைப்பறவை ஒன்று அலாஸ்காவில் கிளம்பி எங்கேயும் இறங்காமல், உண்ணாமல், 11 நாளில் சுமார் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியாவில் போய் இறங்கியது. அதன் முதுகில் கட்டியிருந்த செயற்கைக்கோள் கருவி சொன்ன கணக்கு இது. பிறந்து ஐந்து மாதமே ஆன குஞ்சு அது. உங்கள் திட்டில் நின்றவையும் அதே உள்ளான் வகையறாதான், சின்ன உருவம், அவ்வளவே. அந்தக் கொழுப்பைச் சேர்க்கிற இடம் புன்னைக்காயல் சேறு. நீங்கள் ஒவ்வொரு தடவை ஓடவிட்டபோதும் அதிலிருந்து கொஞ்சம் கரைந்தது. பறப்பதுதான் ஒரு பறவைக்கு ஆகிற மிகப் பெரிய செலவு. அதோடு, பறந்துகொண்டிருக்கிற நேரத்தில் தின்னவும் முடியாது. செலவும் கூடி வரவும் நின்றுபோகிறது.

"அதான் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டதே" என்பீர்கள். கடைசியில் அக்கரைக்குப் போய்விட்டன என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். அக்கரையில் இன்னொரு வேன் நின்றிருந்தால்?

நம் கடலின் சங்கதி ஒன்றைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். மன்னார் வளைகுடாவில் கடல் நீரின் ஏற்றமும் வற்றமும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். குஜராத்துக் கரைகளில் கடல் கிலோமீட்டர் கணக்கில் உள்வாங்கிச் சேற்றைத் திறந்து கொடுக்கிற மாதிரி இங்கே கொடுப்பதில்லை. நம் பக்கம் வற்று நேரத்தில் வெளியே வருவது சின்னத் திட்டுகளும் கண்டல் மரங்களின் காலடியில் கொஞ்சம் சேறும்தான். அதுவும் சில மணி நேரத்துக்கு. தண்ணீர் ஏறிவிட்டால் அடுத்த வற்று வரைக்கும் அங்கே ஒன்றும் கிடையாது. அப்போது அவை உப்பளத்துப் பாத்திகளுக்கும் பின்னால் இருக்கிற சதுப்புக்கும் போய் ஒதுங்கும். நீங்கள் போனது சாப்பாட்டு வேளை. அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டின நாட்களில் வற்று சற்றுக் கூடுதலாக இருக்கும் என்பது புன்னைக்காயலில் வலை உலர்த்துகிற எவரைக் கேட்டாலும் தெரியும். பறவைக்கும் தெரியும். தெரியாதது வேனில் வருகிற நமக்குத்தான்.

பழைய ஆட்கள் உள்ளான்களைக் கண்ணி வைத்துப் பிடித்தார்கள். எங்கள் சின்ன வயதில் காலைக் கட்டிக் கொத்தாகத் தூக்கிக்கொண்டு தெருவில் விற்று வருவார்கள், வாங்கிக் குழம்பு வைக்கிற வீடுகளும் இருந்தன. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறமும் மறைவாகக் கொஞ்ச காலம் நடந்தது. அது தப்பு, நின்றது நல்லது. ஆனால் அந்தக் கண்ணி வைக்கிறவன் ஒருநாளும் கூட்டத்தை எழுப்ப மாட்டான். குனிந்து, மூச்சு விடாமல், வெயிலில் கிடப்பான். அவனுக்கு வீட்டில் உலை கொதிக்க வேண்டும். நீங்கள் மூன்று குடும்பம் சேர்ந்து அத்தனை தடவை அவற்றை அலைக்கழித்து வீட்டுக்குக் கொண்டுபோனது என்ன? அரை நிமிஷ வீடியோ. அதிலும் வெயில் எதிரே இருந்து பாதி கருப்பாகத் தெரிகிறது.

கோபத்தில் எழுதுகிறேன், தெரிகிறது. உங்கள் பையன் மேல் துளிக்கூடக் கோபமில்லை. ஒன்பது வயதில் அத்தனை பறவைகளைப் பார்த்துவிட்டு ஓடாமல் நின்றால்தான் கவலைப்பட வேண்டும். முதல் தடவை அவன் ஓடினான். அதற்குப் பிறகெல்லாம் ஓடவிட்டது பெரியவர்கள்.

ஆறுமுகநேரிப் பக்கம் ஓர் உப்பளத்தில் என் சித்தப்பா கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். அரைப் பரீட்சை லீவுக்கு நான் அங்கேதான் போவேன். மார்கழி, தை என்பது உப்பளத்தில் வேலை குறைந்த காலம். மழை பெய்து பாத்திகள் கரைந்து கிடக்கும், கோடைக்கு முன்னால் எல்லாவற்றையும் மறுபடி மிதித்துக் கெட்டிப்படுத்தித் தயார் செய்ய வேண்டும். மத்தியானம் ஆனதும் சித்தப்பா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, பாத்தி வரப்பில் போய் உட்கார்ந்துவிடுவார். கொட்டகையில் நிழல் இருக்கிறது, அங்கே உட்கார மாட்டார். நானும் பக்கத்தில். பழைய சோறு, சுட்ட சாளைக் கருவாடு. சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்க மாட்டார். நான் நெளிந்தால் தொடையில் ஒரு தட்டு.

"சும்மா இருல. நீ இருக்கத அது மறக்கணும்லா."

உண்மையிலேயே மறந்துவிடும். நாங்கள் வந்தவுடன் எட்டிப் போனவை, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே நகர்ந்து வந்து, கடைசியில் சித்தப்பா கால் நீட்டினால் எட்டுகிற தூரத்தில் மேயும். அவருக்குப் பறவைகளின் பெயர்கள் தெரியாது. எல்லாமே உள்ளான்தான். ஆனால் ஒவ்வொன்றும் எப்படித் தின்னும் என்று தெரியும். "இது கண்ணால தேடுது, அது மூக்கால தேடுது" என்பார். பல வருஷம் கழித்துப் புத்தகத்தில் அதையே படித்தேன்.

நீங்கள் கேட்ட "ஒரே மாதிரி தெரிகின்றனவே" என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் அந்த வரப்பிலேயே இருக்கிறது. குளிர்காலத்தில் இவை எல்லாம் சாம்பலும் பழுப்புமாகத்தான் இருக்கும், நிறத்தை வைத்துப் பார்த்தால் பெரிய நிபுணர்களே தடுமாறுவார்கள். வேலையைப் பாருங்கள். உப்புக்கொத்திக்குக் கண் பெரிது, மூக்கு குட்டை. நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், தலையைச் சாய்க்கும். சேற்றின் மேல்தோல் எங்கேயாவது அசைந்ததா என்று பார்க்கும். அசைந்தால் ஒரே கொத்து. புழு பாதி வெளியே வந்து பாதி உள்ளே மாட்டியிருந்தால் வெடுக்கென்று இழுக்காது. அறுந்துபோகும் என்று அதற்குத் தெரியும். காலைப் பின்னுக்கு ஊன்றி, மெதுவாக, விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். புழு ரப்பராக நீண்டு, ஒரு கட்டத்தில் பிடியை விட்டுவிடும். அந்த வேகத்தில் பறவை பின்னால் ஓரடி தடுமாறும். உள்ளான்களோ நிற்பதே இல்லை. தலையைத் தூக்காமல், தையல் இயந்திர ஊசி இறங்குகிற வேகத்தில் சேற்றைக் குத்திக்கொண்டே நடக்கும். அந்த மூக்கின் நுனியில் நரம்பு முனைகள் நெருக்கமாக இருக்கின்றன, கண்ணுக்குத் தெரியாத இரையைத் தொட்டே கண்டுபிடிக்கும். கீழே வளைந்த நீள மூக்குள்ள கோட்டான் (ஆந்தை இல்லை, இதுவும் ஒரு கரைப்பறவை) நண்டு வளைக்குள் மூக்கை விட்டு நண்டை வெளியே இழுக்கும். காலைப் பிடித்து உதறி உதறிக் கால்களைக் கழற்றிவிட்டு, சேறாக இருந்தால் பக்கத்துத் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் விழுங்கும். கல்திருப்பி தன் பெயருக்கேற்ற வேலையைச் செய்யும். இதையெல்லாம் ஒரு தடவை பார்த்துவிட்டால் நான்கு பறவையும் ஒன்றுபோலத் தெரியவே தெரியாது. பறக்கவிட்டு எடுத்த படத்தில் இதில் ஒன்றாவது இருக்கிறதா?

எவ்வளவு தூரத்தில் உட்காருவது என்று கேட்பீர்கள். அடிக்கணக்கு சொல்ல மாட்டேன், பறவையே சொல்லும். மேய்ந்துகொண்டிருந்தது தலையைத் தூக்கி நின்றுவிட்டால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள். நாலைந்து ஒரே சமயத்தில் தலை தூக்கி ஒரே பக்கம் திரும்பினால் இரண்டடி பின்னால் போங்கள். நடந்து விலக ஆரம்பித்தால் இன்னும் பின்னால் போங்கள். குரல் கொடுத்தால் ஏற்கெனவே தாமதம். மறுபடி குனிந்து மேயத் தொடங்குகிற தூரத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். ஒற்றைக்காலில் நின்று மூக்கை முதுகுச் சிறகுக்குள் சொருகித் தூங்குகிற கூட்டத்தைப் பார்த்தால் அதற்கும் இதே மரியாதை. தூக்கம் வீணான நேரம் என்று நினைத்துக்கொண்டு எழுப்பாதீர்கள். அப்புறம் வெயில். நம் கரையில் காலையில் கடலைப் பார்த்து நின்றால் சூரியன் முகத்தில் அடிக்கும். மூன்று மணிக்கு மேல் போனால் வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம். அந்த நேரமும் வற்று நேரமும் சேர்ந்து வருகிற நாளாகப் பார்த்துப் போனால் உங்கள் நண்பர் யாரையும் ஓடவிடாமலே நல்ல படம் எடுக்கலாம்.

இதையெல்லாம் வெளியூர் விருந்தாளிகளுக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊர்க்காரன் ஒருவன் இருக்கிறான், அவன் நிலைமை இன்னும் மோசம்.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கடற்கரை மணலிலேயே முட்டையிடுகிற ஒரு சின்ன உப்புக்கொத்தி உண்டு. ஐரோப்பா, ஆசியா முழுக்கப் பரவியிருக்கிற கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு கிளை என்றே அதைச் சேர்த்து வைத்திருந்தார்கள். 2023இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட ஒரு குழு மரபணுவையும் உடல் அளவுகளையும் ஒப்பிட்டு, இது தனி இனம் என்று எழுதியது. அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர். இரண்டு நாட்டுக்கும் நடுவே பாலம் கட்டியவன் பெயர், பொருத்தம்தான். இது வடக்கே எங்கேயும் போகாது. நம் மணல்தான் அதன் பிறந்த வீடும் புகுந்த வீடும்.

கோடையில் அது முட்டையிடுகிற விதத்தைப் பாருங்கள். கூடு என்று ஒன்றும் கிடையாது. மணலில் நெஞ்சை அழுத்திச் சுழன்று ஒரு சின்னக் குழி, அதில் சில சிப்பித்துண்டு. முட்டைகள் மணல் நிறத்தில் கருஞ்சாந்து தெளித்தது போல இருக்கும். இரண்டடி தள்ளி நின்று பார்த்தாலும் கண்ணில் படாது. ஒரு சின்னக் குச்சியை அடையாளத்துக்குக் கண்ணில் வைத்துக்கொண்டு திரும்பினால், அடுத்த பார்வையில் முட்டை காணாமல் போனது போலத் தெரியும், ஆனால் அங்கேயேதான் இருக்கும். யாராவது நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்து ஓடி, ஒரு சிறகு ஒடிந்தது போல மணலில் இழுத்துக்கொண்டு உங்களைத் தன் பின்னால் கூட்டிக்கொண்டு போகும். போதுமான தூரம் வந்ததும் சிறகு சரியாகிப் பறந்துவிடும். "பாவம், அடிபட்ட பறவை" என்று துரத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் துரத்துகிற நேரமெல்லாம் முட்டை சித்திரை வெயிலில் திறந்து கிடக்கிறது. குளிரில் அடைகாப்பதைவிட அந்த மணல் சூட்டில் முட்டையை வேகாமல் காப்பதுதான் அதற்குப் பெரும்பாடு. நிழலாக மேலே நிற்கும். ஓடிப்போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து உட்காரும்.

அந்த மணலில்தான் பைக் ஓட்டுகிறார்கள். உவரியிலிருந்து இடிந்தகரை வரைக்கும், மணப்பாட்டிலும், எங்கே மணல் கெட்டியாகக் கிடக்கிறதோ அங்கே சக்கரத் தடம். போதாததற்குக் கருவாடு காய்கிற இடத்தையும் மீன் கழிவையும் நம்பிப் பெருகிவிட்ட நாய்கள். நாயைப் பற்றிப் பேசினால் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். கோடையில் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போனால் அலை நனைத்த ஈர மணலில் நடங்கள். மேலே, அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் தொடங்குகிற உலர்ந்த மணலில் கால் வைக்காதீர்கள். பறவையைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவர் செய்யக்கூடிய பெரிய உபகாரம் அது.

ஒரு ஊரே சேர்ந்து பறவைக்கு இடம் விட முடியுமா என்றால், உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் கூந்தன்குளம் இருக்கிறது. குளத்தில் இடம் போதாமல் தெருவில் இருக்கிற மரங்களிலும் கொக்கும் நாரையும் கூடு கட்டும். வாசலெல்லாம் எச்சமும் மீன் வாடையும். தீபாவளிக்கு வெடி போடுவதில்லை அந்த ஊரில். 1994இல் சரணாலயம் ஆவதற்கு ரொம்ப முன்னாலிருந்தே அப்படித்தான். இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்து அங்கே வந்து இறங்குகிறது என்றால் குளத்துத் தண்ணீர் மட்டும் காரணமில்லை. அந்த ஊரில் பிறந்த பையன் எவனும் கை தட்டிக்கொண்டு ஓட மாட்டான். அவனுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை, வீட்டில் பெரியவர்கள் ஓடவில்லை, அவனும் ஓடவில்லை.

உங்கள் மகளுக்கு வருகிறேன். அவள் அழுததை எழுதியிருந்தீர்களே, அதைப் படித்து எனக்கும் மனசு கனத்துப் போயிற்று. பட்டாம்பூச்சியைப் பாட்டிலில் போட்டு மூடி திருகியது அவள் கை இல்லை என்று நிச்சயமாகச் சொல்வேன், அந்த மூடி பெரியவர்கள் திருகுகிற மூடி. அவள் பார்த்தது வெந்தய வரியன். ஆரஞ்சுச் சிறகு, ஓரத்தில் கறுப்பு, நுனியில் வெள்ளைப் பட்டை. பின்சிறகில் கறுப்புப் புள்ளிகளை எண்ணச் சொல்லுங்கள், நடுவில் நான்கு இருந்தால் ஆண், மூன்று இருந்தால் பெண். அதைப் பார்க்கப் புன்னைக்காயல் போகவே வேண்டாம். பாளையங்கோட்டையில் கட்டாமல் கிடக்கிற எந்தக் காலிமனையிலும் எருக்கு நிற்கும்.

அவளைக் கூட்டிக்கொண்டு போய் எருக்கிலையைத் திருப்பிப் பாருங்கள். பால் கையிலோ கண்ணிலோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கண்ணில் பட்டால் பெரிய தொல்லை. இலைக்கு அடியில் ஒற்றையாக ஒரு வெள்ளை முட்டை, குண்டூசித் தலை அளவு, இருக்கும். கொஞ்சம் பெரிய புழுவாகக் கிடைத்தால் அதிர்ஷ்டம். கறுப்பு, மஞ்சள், வெள்ளை வளையங்கள், முதுகில் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்புகள். இலையைத் தின்னுவதற்கு முன்னால் அது என்ன செய்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். நரம்பை முதலில் கடித்து விடும். பால் அங்கே வழிந்து வடிந்துவிடும், அதற்கு அப்பால் இருக்கிற பகுதியை நிதானமாகத் தின்னும். மிச்சமுள்ள எருக்கின் விஷம் அதன் உடம்பில் சேர்ந்து, பட்டாம்பூச்சி ஆன பிறகும் இருக்கும். அதனால்தான் அது அவ்வளவு அவசரமில்லாமல் பறக்கிறது. ஒரு தடவை கொத்திய குருவி மறு தடவை கொத்தாது. முட்டையிலிருந்து சிறகு வரைக்கும் மூன்று நான்கு வாரம். தினமும் சாயங்காலம் ஐந்து நிமிஷம் அதே செடிக்குப் போய்வந்தால் போதும். இலையைப் பறித்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

கழிமுகத்தில் ஈர மணலில் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்து உறிஞ்சுவதைப் பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவை ஆண்கள். தேனில் உப்பு ரொம்பக் குறைவு, அதற்காக மண்ணுக்கு வருகின்றன. அந்த உப்பைச் சேரும்போது பெண்ணுக்குக் கொடுக்கும், அது முட்டைக்குப் போகும். ஓடினால் இவையும் எழும்பும். இங்கேயும் அதே பேச்சுதான்.

மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ இன்னொரு தடவை போங்கள். வடக்கே திரும்புவதற்கு முன்னால் உப்புக்கொத்திகளின் நெஞ்சில் செம்மண் நிறம் ஏறியிருக்கும், நீங்கள் தையில் பார்த்த அதே சாம்பல் பறவையா என்று சந்தேகம் வரும். மூன்று குடும்பம் வேண்டாம், நீங்கள் நால்வர் போதும். ஆத்தூர் வரைக்கும் பஸ்ஸில் போய்விட்டால் அங்கிருந்து ஆட்டோ கிடைக்கும். தலைக்குத் துண்டு, தண்ணீர், ஆளுக்கு ஒரு கட்டு சோறு. பையனிடம் சித்தப்பா சொன்னதைச் சொல்லுங்கள். முதல் கால் மணி நேரம் அவன் உங்களைப் பாடாய்ப் படுத்துவான், பொறுத்துக்கொள்ளுங்கள். என்ன பார்த்தான் என்று அவனே எனக்கு எழுதட்டும், எழுத்துப்பிழை இருந்தால் திருத்தாதீர்கள்.

முகநூலில் இருக்கிற அந்த வீடியோவை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். இடத்தின் பெயரும் போட்டிருக்கிறீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு யாராவது அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளோடு அங்கே கிளம்புவார்கள்.

அன்புடன்.